கொல்லிமலைக்குக் 'கோல்' தெரிந்தது எப்போது?

கொல்லிமலைக் கோமான் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றிலே வன்பரணர் வியந்து பாடியிருக்கிறார். எய்தது ஓர் அம்பு. துளைத்தது ஐந்து உயிர்! யானை, புலி, மான், பன்றி, உடும்பு – ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாம் அந்த ஒற்றைக் கணை. இன்றும் செம்மேட்டிலே ஓரி சிலையாக நிற்கிறான். ஆடி மாதத்திலே அரசே அவனுக்கு விழா எடுக்கிறது.

ஓரியின் அம்பு ஐந்தைத் துளைத்தது. ஆனால், தோழர்களே, தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை இருக்கிறதே, அதற்கு அந்த வல்லமை கிடையாது! அது நேர்கோட்டிலே ஓடும். குறுக்கே மலை நின்றால் தானும் நின்றுவிடும். முகட்டிலே நிற்பவனுக்கு எங்கோ இருக்கிற நிலையமும் எட்டலாம். மலை மடிப்பிலே குடியிருப்பவனுக்குப் பக்கத்து நிலையமும் எட்டாமற் போகலாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காலடி வைக்கிற கொல்லிமலையிலே, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கின்றன சிற்றூர்கள். மிளகும் காபியும் அன்னாசியும் பலாவும் கீழே இறங்குகின்றன. மேலே ஏற வேண்டியவை மட்டும் எப்போதும் காலம் கடந்தே ஏறுகின்றன!

அப்படிக் காலம் கடந்து ஏறியவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். உலகக் கால்பந்தாட்டம் தொலைக்காட்சியில் ஏறிய கதை அது. 'அரசியல் பேசும் ஏட்டிலே ஆட்டத்துக்கு என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும். யார் ஆடினார்கள் என்பது விளையாட்டு. யாருக்குப் பார்க்கக் கிடைத்தது என்பது அரசியல்!

தொடக்கத்தைப் பாருங்கள். 1926 ஜனவரி 26 அன்று, லண்டனிலே ஜான் லோகி பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர், உருவத்தை அலையாக்கி அனுப்பி அறிஞர்களுக்குக் காட்டினார். 1936 நவம்பரிலே பி.பி.சி. முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1937 செப்டம்பர் 16-இல் ஆர்சனல் அணி தன்னுடைய இரண்டாம் அணியோடு ஆடிய ஆட்டத்தைக் காட்டிப் பார்த்தார்கள். அது ஒத்திகை. அரங்கேற்றம் 1938 ஏப்ரல் 9! வெம்பிளி திடலிலே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. நாட்டுக்கு நாடு மோதிய அந்த ஆட்டம் நேரடியாகத் தொலைக்காட்சியில் வந்தது. ஸ்காட்லாந்து 1–0 என வென்றது.

வீட்டிலிருந்தபடி பார்த்தவர் யார்? லண்டன் வட்டாரத்துச் சீமான்கள். பல மாதக் கூலியை ஒரே வாயில் விழுங்கும் விலை அந்தப் பெட்டிக்கு. பந்தை உதைத்தவன் பாட்டாளியின் மகன். படிக்கட்டிலே நின்று ஆரவாரித்தவன் பாட்டாளி. பஞ்சணையில் சாய்ந்து பார்த்தவன் பணக்காரன்! பிறகு போர் வந்தது. 1939 செப்டம்பரில் அணைந்த பி.பி.சி. தொலைக்காட்சி, 1946 ஜூனில்தான் மீண்டும் விழித்தது.

அடுத்த காட்சி 1954, சுவிட்சர்லாந்து. உலகக் கோப்பை ஆட்டங்கள் தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது அதுவே முதல் முறை. நாட்டுக்கு நாடு கோபுரங்களைக் கோத்து ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஜூலை 4, பெர்ன் நகரத்து இறுதி ஆட்டம். வெல்லவே முடியாதது என்று பெயர் பெற்ற ஹங்கேரியை மேற்கு ஜெர்மனி 3–2 என வீழ்த்தியது. போரிலே நொறுங்கிய அந்த நாட்டிலே எத்தனை வீட்டில் பெட்டி இருந்திருக்கும்? மதுக்கடையிலே ஒரு பெட்டி. அதைச் சுற்றிக் கூட்டம். கடையின் கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால் ஒரு பெட்டி. அதற்கு வெளியே தெரு முழுதும் தலைகள்! நம் ஊரிலே மட்டுமல்ல, அங்கும் ஏழை முதலில் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதற்கு வருவேன்.

1962-இல் சிலி நாட்டிலே உலகக் கோப்பை. ஆட்டத்தைப் படச்சுருளிலே பிடித்து, விமானத்திலே ஏற்றி, கடல் கடந்து கொண்டுபோய்க் காட்டினார்கள். முடிவு செய்தித்தாளில் வந்து நாளாகிவிடும். ஆட்டம் அதன் பிறகு திரையில் வரும். இறுதி ஆட்டம் ஜூன் 17. கடல் தாண்டிக் காட்சியை நேரடியாக அனுப்பிய டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணிலே ஏறியது ஜூலை 10. மூன்றே வாரத்தில் தவறிப்போன முகூர்த்தம்! முகூர்த்தம் பார்த்து மட்டும் விட்டிருந்தால் இன்னும் ஏறியே இருக்காது. அது வேறு விஷயம்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பை செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவுக்கு நேரடியாக, வண்ணத்திலேயே போயிற்று. அந்த ஆண்டுப் பந்தையும் பாருங்கள்: 20 வெள்ளை அறுகோணம், 12 கறுப்பு ஐங்கோணம், ஆக 32 துண்டு. பெயரே 'டெல்ஸ்டார்'! கறுப்பு வெள்ளைப் பெட்டியிலே பார்ப்பவன் கண்ணுக்கும் பந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வண்ணப்பெட்டி வாங்க வழியில்லாதவனையும் நினைத்துப் பந்தையே மாற்றினான் அங்குள்ள வணிகன். இங்கே ஆள வந்தவர்கள் யாரை நினைத்தார்கள்?

இந்தியாவின் கதைக்கு வருவோம். நெஞ்சு கனக்கும் கதை இது.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கிலே இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4–2 எனத் தோற்கடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதி வரை சென்று, நான்காம் இடத்தில் நின்றது நம் அணி. மெல்பர்ன் நகருக்குத் தொலைக்காட்சி வந்ததும் அதே 1956 நவம்பரில்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கை ஐரோப்பாவே வீட்டிலிருந்து பார்த்தது. அந்த இந்திய அணியிலே தஞ்சை தந்த தமிழர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: அந்த விழாவுக்காகவே இந்தோனேசியா தன் தொலைக்காட்சியைத் தொடங்கியது. இறுதியிலே தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் கொண்டுவந்தது இந்திய அணி.

மெல்பர்ன், ரோம், ஜகார்த்தா! நம் வீரர்கள் புகழின் உச்சியிலே நின்ற மூன்று ஊரிலும் தொலைக்காட்சி இருந்தது. வீரர்களைப் பெற்ற ஊரிலோ இல்லை. ரோமாபுரிக்காரன் பார்க்கலாம், தஞ்சாவூர்க்காரன் பார்க்க முடியாது! வானொலியிலே காதை வைத்தும், மறுநாள் செய்தித்தாளிலே கண்ணை வைத்தும்தான் நம் வெற்றியை நாம் அறிந்தோம்.

இந்தியாவிலே தொலைக்காட்சியே இல்லையா? இருந்தது. எங்கே? டெல்லியிலே! 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு டெல்லியிலே தொடங்கிற்று. பம்பாய்க்கு 1972. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள். டெல்லியிலே அன்று பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் வயதிலே, தெற்குக்கு வந்து சேர்ந்தது ஒரு திரை. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று நம் இயக்கம் மேடைதோறும் முழங்கியதற்கு இதைவிட வெளிச்சமான சான்று வேண்டுமா?

சென்னைக்கு வந்ததும் கொல்லிமலைக்கு வந்துவிட்டதா? சென்னைக் கோபுரத்தின் வெளிச்சம் சென்னைச் சுற்றுவட்டாரத்தோடு சரி. அதே 1975 ஆகஸ்டிலே, அமெரிக்கச் செயற்கைக்கோளை ஓராண்டு கடன் வாங்கி, 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுசென்றது இந்திய அரசு. நல்ல திட்டம்; உழவும் உடல்நலமும் கல்வியும் சொன்ன திட்டம். ஆறு மாநிலங்கள் – ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான். எண்ணிப் பாருங்கள், தமிழ்நாடு அதிலே இல்லை. பின்தங்கிய பகுதிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்பார்கள். மற்ற மாநிலத்து ஏழை பெற்றதைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. ஆனால், கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும் பின்தங்காமல் முன்னேறியா நின்றன? மலையாளி என்று வழங்கப்படும் நம் பழங்குடி மக்கள் டெல்லியின் கண்ணுக்குத் தெரியவில்லை!

1982-இலே டெல்லியில் ஆசிய விளையாட்டு. வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்று டெல்லியிலிருந்து ஒளிபரப்பும் வந்தது. கூடவே இந்தியும் வந்தது! 'தூரதர்ஷன்' என்றார்கள், தமிழகம் 'தொலைக்காட்சி' என்றது. 'ஆகாசவாணி' என்றார்கள், தமிழகம் 'வானொலி' என்றது. பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்வேன்: பெயர் புரியாதவனுக்குப் பொருளும் தனதென்று தோன்றாது. அந்த ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பையின் கடைசிக் கட்ட ஆட்டங்கள் இந்தியாவுக்கு நேரடியாக வந்தன. தென்கோடிக் கடற்கரையிலே, அதே 1982-இல் பிறந்த இலங்கையின் ரூபவாகினியை உயரக் கம்பம் நட்டுப் பிடித்துப் பார்த்தார்கள் நம் மக்கள். அண்டை நாட்டு அலை கடலைத் தாண்டி வந்தது. சொந்த நாட்டு அலையோ மலைக்கு ஏற மறுத்தது!

பிறகு 1986. மறக்க முடியுமா? மெக்சிகோ, அஸ்டெகா திடல். ஜூன் 22, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு வசதியான நேரம் வேண்டும் என்பதற்காகக் கொளுத்தும் நண்பகலிலே ஆட்டத்தை வைத்தார்கள். ஆடுகிறவர்கள் முறையிட்டும் நேரம் மாறவில்லை. அங்கே நண்பகல் 12 மணி. இங்கே இரவு 11.30. சேரியிலே வளர்ந்த மரடோனா என்ற குள்ள உருவம், பாதி தூரத்துக்கும் மேலாகப் பந்தைக் காலிலேயே கட்டிக்கொண்டு ஓடி, எதிர்நின்ற ஆங்கிலேயரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து, கோலுக்குள் தட்டினானே, ஆங்கிலேயனிடம் அடிமைப்பட்ட நாடுகளிலெல்லாம் ஏழையின் நெஞ்சு விம்மியது!

அந்தக் காலத்திலே பெட்டி இருந்த வீடு ஊருக்கு ஒன்று, இரண்டு. யார் வீடு? பண்ணையார் வீடு, மண்டிக்காரர் வீடு, அதிகாரி வீடு. உள்ளே நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு, திண்ணை யாருக்கு, திண்ணையும் மறுக்கப்பட்டுச் சாளரத்துக்கு வெளியே தெருவில் நிற்பது யாருக்கு? இதை முடிவு செய்தது பெட்டியல்ல, தோழர்களே, சாதி! பெர்ன் ஆட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஜெர்மானியனிடம் காசு இல்லை, அவ்வளவுதான். காசு வந்ததும் உள்ளே போனான். நம் ஊரிலே வெளியே நின்ற பிள்ளைக்குக் காசு வந்தாலும் கதவு திறக்காது. உள்ளே இருப்பவர் எழுந்து சாளரத்தைச் சாத்தினால், அவனுக்கு ஆட்டம் முடிந்தது. ஊராட்சிக்கென்று பொதுப்பெட்டி வந்த ஊரிலும், அதை வைத்த கட்டடம் எந்தத் தெருவிலே இருக்கிறது, சாவி யார் இடுப்பிலே இருக்கிறது என்பதுதான் முதற் கேள்வி.

இதை அறிந்தவர்களுக்குத்தான் 2006-இன் பெருமை புரியும். அந்த ஆண்டு தேர்தலிலே தந்த வாக்குறுதிப்படி, அண்ணா பிறந்த செப்டம்பர் 15 அன்று, கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1959-இல் டெல்லி தனக்குத் திரை வைத்துக்கொண்டதும் செப்டம்பர் 15. தமிழ்நாட்டு ஏழைக்குத் திரை தந்ததும் செப்டம்பர் 15! இடையிலே 47 ஆண்டுகள். 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போயிற்று. 'வெட்டிச் செலவு' என்றார்கள் மாளிகைவாசிகள். அவர்கள் வீட்டுக் கூடத்திலே ஒன்று, படுக்கை அறையிலே ஒன்று! 'சோறில்லாதவனுக்குச் சினிமாவா?' என்றார்கள், அதே அரசு ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி கொடுத்ததையும் அவர்கள் ஏசத்தான் செய்தார்கள். அந்தப் பெட்டி பொழுதுபோக்கு மட்டுமல்ல. சாளரத்துக்கு வெளியே நின்றவனைத் தன் வீட்டுக்குள்ளே உட்கார வைத்த பெட்டி அது! 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை நம் நேரப்படி மாலையிலும் இரவிலும் வந்தபோது, கூலி வேலை முடித்துத் திரும்பியவன் தன் கூரையின் கீழ் கால் நீட்டி உட்கார்ந்து அதைப் பார்க்க முடிந்ததென்றால், அது கருணையல்ல, கணக்குத் தீர்த்தது.

பெட்டி கொடுத்தாகிவிட்டது; கம்பிக்கு மாதந்தோறும் கட்டணம் யார் கட்டுவது என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். நியாயமான கேள்வி. பெட்டி அரசு தந்தது, வசூல் தனியாருக்குப் போயிற்று என்ற குறை இருந்தது உண்மை. அதற்கு விடையாகத்தான் 2007-இல் அரசு கேபிள் நிறுவனம் உருவாயிற்று. பெட்டி ஏழையுடையதாக இருந்து, அலை முதலாளியுடையதாக இருந்தால், பாதி விடுதலைதான்!

அலை யாருடையது? இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றமே 1995 பிப்ரவரி 9-இல் விடை சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றி வங்காளத்திலிருந்து வந்த வழக்கு அது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பாயிற்று. ஆறு பொது, காடு பொது என்பதைப் போல, அலையும் பொது! 2007-இல் ஒரு சட்டமும் வந்தது: நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களைத் தனியார் நிறுவனம் வாங்கினாலும், அந்த ஒளிபரப்பைப் பொதுத் தொலைக்காட்சியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் 2017-இல் வந்த தீர்ப்பு, அப்படிப் பகிர்ந்ததைப் பொதுத் தொலைக்காட்சி தன் கோபுரத்திலும் தன் இலவசச் செயற்கைக்கோள் தட்டிலும் மட்டுமே காட்டலாம். கேபிள் வழியே காட்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. அந்தக் கோபுரங்களோ, 2022 மார்ச்சுக்குள் மிகச் சிலவற்றைத் தவிர மூடப்பட்டுவிட்டன. கூரைமேல் நட்ட கம்பி இன்று காக்கை உட்காரத்தான்!

ஆக, மலை மடிப்பிலே இருப்பவனுக்கு மிஞ்சியது வானைப் பார்க்கும் தட்டு. விண்ணிலே 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் அலைக்கு மலை தடையில்லை. அறிவியல் தந்த நீதி அது. ஆனால் ஆட்டமோ கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையைக் கைப்பேசியிலே, தமிழ் வர்ணனையோடும், கட்டணமின்றிப் பார்க்க முடிந்தது. 1938-இல் தொடங்கிய பயணம் தமிழுக்கும் வந்து சேர்ந்தது! மகிழ்கிறோம். ஆனால் கைப்பேசி அலையும் கோபுரத்திலிருந்துதான் வருகிறது. அதற்கும் மலை தடை. லாபம் பார்க்கும் நிறுவனம் நூறு குடும்பத்துக்காக ஒரு கோபுரம் நடுமா? 1975-இல் கேட்ட அதே கேள்வி, வேறு சட்டை போட்டு வந்து நிற்கிறது.

இதற்கிடையே பழைய பஞ்சாங்கக்காரர்களின் கூத்து வேறு! 2018-இல் திரிபுரா முதலமைச்சராக இருந்த பிப்லப் குமார் தேப், மகாபாரத காலத்திலேயே இணையமும் செயற்கைக்கோளும் இருந்தன. இல்லையென்றால் சஞ்சயன் எப்படிப் போரைக் கண்டு சொல்லியிருப்பான் என்று கேட்டார். அவர் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவன் யார்? அரண்மனைச் சஞ்சயன் ஒருவன். கேட்டவன் யார்? அரசன் ஒருவன். களத்திலே செத்த காலாட்படைக்காரனின் பெண்டாட்டி பிள்ளைக்கு அந்த ஞானக்கண் கிடைத்ததா? அவர்கள் புராணத்திலே கூட ஏழைக்கு ஒளிபரப்பு இல்லை! பேர்டின் கருவி அப்படியல்ல. அதற்கு வருணம் தெரியாது. மின்சாரம் கொடுத்தால் குடிசையிலும் எரியும். அதனால்தான் நாம் அறிவியலைக் கொண்டாடுகிறோம். அதனால்தான் அறிவியலோடு சமநீதியையும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஆகவே கோரிக்கை மூன்று. நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டம் எதுவாயினும், பொதுத் தொலைக்காட்சியிலே தமிழ் வர்ணனையோடு கட்டணமின்றி வரவேண்டும். அதைக் கேபிள் வழியேயும் காட்டும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். இது டெல்லியின் கடமை. மலைச் சிற்றூர்க்கு அலைக் கோபுரம் நடுவது லாபக் கணக்கில் அல்ல, உரிமைக் கணக்கில் வரவேண்டும். இது டெல்லியும் தமிழ்நாடும் சேர்ந்து செய்ய வேண்டியது. மூன்றாவது எல்லாவற்றினும் பெரிது: பார்த்தது போதும், ஆட வேண்டும்! மலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் சமன் செய்த திடல், பந்து, பயிற்றுநர் வேண்டும். கல்லும் மேடுமான சரிவிலே வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் நுரையீரலுக்கு நகரத்துப் பிள்ளையின் நுரையீரல் ஈடாகுமா? அவனுக்கு இல்லாதது திறமையல்ல, திடல்! இது நம் அரசின் கடமை. நம் அரசிடம் நாமே உரிமையோடு கேட்க வேண்டியது. கிளைக் கழகத் தோழர்கள் அந்தந்த ஊரிலே இடம் எது, தடை எது என்று கணக்கெடுத்து மனுவாக்கித் தரட்டும்.

தஞ்சையின் மகன் ரோமிலே ஆடியதைத் தஞ்சை பார்க்கவில்லை. அந்தப் பழி ஒரு முறை போதும். கொல்லிமலையின் மகன் ஒருநாள் உலகத் திடலிலே ஆட வேண்டும். அதை அவனைப் பெற்றவள், சோளக்காட்டுச் சந்தையிலிருந்து திரும்பி, தன் வீட்டிலே, தன் மொழியிலே, காசு கொடுக்காமல் பார்க்க வேண்டும். ஓரியின் அம்பு ஐந்தைத் துளைத்ததாகப் பாடினார்கள். நாம் துளைக்க வேண்டியவையும் ஐந்து: சாதி, வறுமை, மொழி ஆதிக்கம், டெல்லியின் அலட்சியம், முதலாளியின் லாபக் கணக்கு. வில் நம் கையில் இருக்கிறது, தோழர்களே. நாண் தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள்!